ஒரே மூச்சில் எண்ணிய நாட்கள்

எங்கள் சபையில் என்னைச் சாட்சி சொல்லும்படி மூன்று முறை கேட்டுவிட்டார்கள். நோயிலிருந்து பிழைத்தவர்கள் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, ஆண்டவர் தங்களை எப்படித் தூக்கிவிட்டார் என்று சொல்வது வழக்கம். நானும் பிழைத்தவள்தான். ஆனால் ஐந்து நிமிடத்தில் சொல்லி, ஸ்தோத்திரத்தோடு முடித்து உட்காரும்படி எனக்கு நடந்தது அமையவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். இதே போல் ஒரு கட்டிலில் கிடந்து, தங்களுக்கு ஏன் அழுகைகூட வரவில்லை என்று யோசிக்கிறவர்கள் யாராவது படித்தால் போதும்.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. கணவர் சாமுவேல் அடையாற்றில் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேப் உதவியாளர். மகள் சுகந்தி நாலாம் வகுப்பு. மந்தைவெளியில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்கார மாமி. எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். மழை பெய்தாலும், விருந்தாளி வந்தாலும் நிற்காது. ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், பிறகு முழங்காலில் நின்று ஜெபம். ஜெபிப்பது எப்போதும் நான்தான். அவருக்கு ஜெபம் சத்தமாக வராது. கண்ணை மூடிக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான்.

ஞாயிறு மத்தியானங்களில் பெண்கள் ஐக்கிய சங்கத்தோடு ஆஸ்பத்திரிகளுக்குப் போவேன். ஒன்பது வருஷம் போயிருக்கிறேன். கட்டில் கட்டிலாக நின்று சங்கீதம் வாசிப்போம். நோயாளியின் கையைப் பிடித்து ஜெபிப்போம். ஒரு ஆரஞ்சுப் பழத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்வோம். அந்த ஜெபங்கள் எல்லாம் உண்மையாகச் செய்தவை. அதை இப்போதும் மறுக்கமாட்டேன்.

நோய் செருப்பில் ஆரம்பித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். பூக்காரி ஒருத்தி பின்னாலிருந்து கத்தினாள்.

"யம்மா! இன்னாமா நீ பாட்டுக்கு போய்க்கினே கீற? ஒரு செருப்பு இங்கயே கீது பாரு!"

குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுமையாக இருந்தது. செருப்பு கழன்றதோ, தார் ரோடு சுட்டதோ எனக்குத் தெரியவே இல்லை. திரும்பி வந்து மாட்டிக்கொண்டேன். இரண்டு வாரத்துக்கு முன் வயிற்றுப்போக்கும் ஜுரமும் வந்து போயிருந்தது. அந்தப் பலவீனம்தான் என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஜெபத்துக்கு முழங்காலில் நின்றேன். ஆமென் சொல்லிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. தொடைகளுக்கு நான் சொன்னது கேட்கவில்லை. இன்னும் ஒரு முறை முயன்றேன். சுகந்தி நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

"என்ன எஸ்தர், எந்திக்க முடியலையா?" என்றார் அவர்.

"தெரியல."

அவர் என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார். சுகந்தியின் சிரிப்பு நின்றுவிட்டது.

வியாழக்கிழமை காலை கச்சேரி ரோட்டில் எங்கள் வழக்கமான டாக்டர் ஒரு சின்ன ரப்பர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். யாருக்குத் தட்டினாலும் கால் தானாக உதறும். என் கால் தொங்கிக்கொண்டே இருந்தது. கணுக்காலில் தட்டினார், முழங்கையில் தட்டினார். பிறகு சுத்தியலை மேஜைமேல் வைத்துவிட்டு, "வீட்டுக்குப் போகாதீங்க. இப்படியே டாக்ஸி பிடிச்சு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். அவர் எழுதிக் கொடுத்த சீட்டைச் சாமுவேல் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளி நோயாளிகள் பிரிவில் இரண்டரை மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தோம். முன்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது. எனக்குப் பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பெஞ்சில் யாரோ ஆணியால் கீறியிருந்த பெயரைப் படித்துக்கொண்டிருந்தேன். என் முறை வந்தபோது என்னால் நிற்கவே முடியவில்லை. தள்ளுவண்டி கொண்டுவந்தார்கள்.

அன்றைக்கே முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். முதுகெலும்புக்குள் மூளையிலிருந்து இறங்கும் ஒரு தெளிந்த நீர் இருக்கிறதாம். நோய் நரம்பைத் தொட்டிருந்தால் அந்த நீரில் தெரியுமாம். ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மார்போடு சேர்த்து, இறால் மாதிரி வளைந்துகொள்ளச் சொன்னார்கள். என் கால் தானாக மடங்காததால் ஒரு ஆயா மடக்கிப் பிடித்துக்கொண்டாள். ஊசி இறங்கியபோது வலித்தது. வலிக்கிறதே என்று ஆறுதலாகக்கூட இருந்தது.

மறுநாள் பெரிய டாக்டர் வந்து எங்கள் இருவருக்கும் விளக்கினார். காய்ச்சலை எதிர்க்க உடம்பு ஒரு காவல் படையை உண்டாக்கும். சிலருக்கு அந்தப் படை குழம்பிப்போய்ச் சொந்த நரம்பின் மேலுறையையே தாக்கிவிடும். கரண்டுக் கம்பியின் ரப்பரை எலி கடித்த மாதிரி. மூளை சொல்வது தசைக்குப் போய்ச் சேராது. இது பாதத்தில் ஆரம்பித்து மேலே ஏறும். எங்கேயோ ஓர் இடத்தில் நிற்கும். நின்ற பிறகு மெதுவாக இறங்கும்.

"எங்க நிக்கும் டாக்டர்?" என்று கேட்டார் சாமுவேல்.

"அதுதான் தெரியாது. இடுப்போட நின்னா நல்லது. நெஞ்சுத் தசைக்கு வந்தா மூச்சு விட முடியாது. அப்போ தொண்டையில சின்னத் துளை போட்டு, மிஷின் வெச்சு மூச்சு கொடுப்போம். பெரும்பாலானவங்க பிழைச்சுக்கறாங்க." பிறகு என்னைப் பார்த்து, "ஸ்டீராய்டு ஊசி போடறோம். பார்க்கலாம்" என்றார்.

மூச்சை அளக்க அவர்களுக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை இளம் லேடி டாக்டர் ஒருத்தி வருவாள். மயிலாப்பூர்ப் பெண். மூக்குத்தி போட்டிருப்பாள்.

"நன்னா மூச்சை இழுத்துக்கோங்கோ. நடுவுல மூச்சு விடாம, ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுங்கோ. எது வரைக்கும் போறதுன்னு பார்ப்போம்."

முதல் நாள் முப்பத்தொன்று வரை எண்ணினேன். இரண்டாம் நாள் இருபத்தாறு. மூன்றாம் நாள் காலையில் கைவிரல்கள் டம்ளரைப் பிடிக்கவில்லை, அன்று பத்தொன்பது. வாழ்க்கை முழுவதும் எண்களைச் சொல்லியே சம்பளம் வாங்கியவள் நான். என் குரலில் எண்கள் குறைந்துகொண்டே போவதை, வேறு யாருடைய லைனிலோ கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சாமுவேல் கல்லூரி முடிந்து நாலரைக்கு வருவார். காலையில் சுகந்திக்குத் தலை வாரிப் பின்னிவிட்டுத்தான் கல்லூரிக்கே போவாராம். பின்னல் கோணலாக இருக்கிறது என்று அவள் பள்ளிக்கூடத்தில் பிரித்து மறுபடி பின்னிக்கொள்கிறாளாம். வீட்டுக்கார மாமி அவளைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, "கொழந்தை எங்காத்துல சாப்ட்டுண்டு இருக்கட்டும். நீங்க போய் அவளைக் கவனியுங்கோ" என்று சொல்லி, எனக்கு இட்லியும் கொடுத்தனுப்புவாள். அந்த இட்லியைச் சாமுவேல் பிய்த்து என் வாயில் ஊட்டுவார். பிறகு, "எண்ண வேண்டாம். கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லு. எது வரைக்கும் வருதுன்னு பார்ப்போம்" என்பார். எண்களைக் கேட்க அவருக்குப் பயம். நான் சொல்வேன். அன்றாட ஆகாரம் கேட்கும் நடு வரியில் மூச்சு முடிந்துபோகும். மறுநாள் அதற்கும் முன்னால், ராஜ்யம் என்ற சொல்லிலேயே முடிந்தது. அவர் தலையை ஆட்டிக்கொள்வார்.

அந்த வார்த்தைகள் மூச்சை அளக்கும் கோலாகத்தான் எனக்கு இருந்தன. அதுதான் உண்மை. சிறு வயதிலிருந்து எந்தத் துன்பத்திலும் என் வாய் முதலில் போய் நின்ற இடம் ஜெபம். இப்போது அங்கே போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை என்றுகூடத் தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை. கால் போல அதுவும் மரத்துப் போயிருந்தது.

நான்காம் நாள் ஞாயிறு. எங்கள் சங்கத்துப் பெண்கள் ஐந்து பேர் வந்தார்கள். செல்வமணி அக்கா தலைவி. நான் எத்தனையோ கட்டில்களில் வாசித்த அதே சங்கீதத்தை, அதே இடங்களில் நிறுத்தி வாசித்தார். நான் அவருடைய ரவிக்கையின் பொத்தான்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஜெபம் முடிந்ததும் அவர் என் காதருகே குனிந்தார்.

"எஸ்தர், தப்பா நெனைக்காதம்மா. மனசுல ஏதாவது மறைவான பாவம் இருந்தா அறிக்கை பண்ணிரு. கர்த்தர் உடனே கட்டவிழ்ப்பார்."

கோபம் வரவேண்டிய இடம். எனக்கு வரவில்லை. என்ன பாவம் இருக்கும் என்று அசதியோடு தேடிப் பார்த்தேன். எக்ஸ்சேஞ்சில் ஒரு பெண் வெளியூருக்குப் பேசிக்கொண்டிருந்த லைனை நேரத்துக்கு முன்பே துண்டித்தது நினைவுக்கு வந்தது. அதற்குள் சாமுவேல் அவர்கள் கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்களை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, உங்களுக்கு அஞ்சே கால் பஸ் போயிரும்." அவர்கள் போனார்கள்.

பக்கத்துக் கட்டிலில் அஞ்சலை படுத்திருந்தாள். ஊரூர் குப்பத்துக்காரி. மீன் விற்பவள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். இதயத்தில் ஒரு கதவு சரியாக மூடாததால் அவள் காலெல்லாம் வீங்கி, மூச்சு இறைக்கும். மாத்திரையில் வீக்கம் வடிந்துகொண்டிருந்தது. நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் எழுந்து வராண்டா முழுக்கச் சுற்றிவிட்டு வருவாள். வார்டின் செய்தியெல்லாம் அவளிடம் இருக்கும்.

சங்கத்துப் பெண்கள் போனதும் அவள் கேட்டாள்: "அந்த அம்மா உனக்கு மட்டும்தான் வேண்டுவாங்களா? எனக்கும் கொஞ்சம் உங்க சாமியாண்ட சொல்லேன்."

"எனக்கு இப்ப ஜெபம் வரல அஞ்சலை."

"வரலன்னா இன்னா? வாயி நல்லாதான கீது. நீ சொல்லு, நான் கேட்டுக்கினு கீறேன்."

சொன்னேன். அஞ்சலையின் வீக்கம் வடியவேண்டும், அவள் வீட்டுக்குப் போகவேண்டும் என்று நாலு வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் மூச்சு வாங்கவேண்டியிருந்தது. எனக்குள் எதுவும் அசையவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா சொன்ன" என்றாள். பொய் சொல்லிவிட்டதுபோல் இருந்தது. அதுவும் லேசாகத்தான்.

ஐந்தாம் நாள் பதினான்கு. ஆறாம் நாள் காலை பன்னிரண்டு. தண்ணீர் விழுங்கும்போது புரையேறியது. பெரிய டாக்டர் வந்து என் கட்டிலின் கால்மாட்டில் நின்று லேடி டாக்டரிடம் இங்கிலீஷில் பேசினார். மிஷின் என்ற சொல் இரண்டு முறை வந்தது. அவர்கள் போனதும் அஞ்சலை வராண்டாவுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"யம்மா, அந்த மிசினு இந்த ஆஸ்பத்திரியிலயே ஒண்ணே ஒண்ணுதான் கீதாம். அதுல ஒரு பொண்ணு கீது. செங்கல்பட்டாண்ட ஏதோ கிராமம். கட்டுவிரியன் கடிச்சிடுச்சி. பதினாலு வயசு." கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "அது எறங்கினாதான் உனக்கு."

அவள் கெட்ட மனதோடு சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னாள். பாம்பின் விஷமும் என் நோயும் செய்வது ஒன்றுதான். மூச்சுத் தசையை நிறுத்திவிடுவது. அந்தப் பெண் பிழைத்து மிஷினை விடலாம். வேறு மாதிரியும் விடலாம். எனக்கு அது வேண்டும் என்று கேட்பதானால் என்ன கேட்பது? நான் கேட்கவில்லை. மனம் பெரிதாகிவிட்டதால் அல்ல. கேட்க எனக்குள் ஆளில்லை.

அன்று மாலை சாமுவேலை லேடி டாக்டர் வராண்டாவிலேயே நிறுத்திப் பேசினாள். கதவு வழியாகத் தெரிந்தது. அவர் இரண்டு கையாலும் டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பிறகு அவரைக் காணவில்லை. அரைமணி நேரம் ஆயிற்று. அஞ்சலைதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"உன் வூட்டுக்காரரு அந்தப் பொண்ணோட நைனா பக்கத்துல குந்திக்கினு கீறாரு. டிபன் பாக்ஸைத் தொறந்து அவருக்குக் குடுக்கறாரு. அந்தாளு அழுவுறாரு, இவரு சும்மா குந்திக்கினு கீறாரு."

பிறகு அவர் வந்தார். டிபன் பாக்ஸ் காலி. "அவர் ரெண்டு நாளா சாப்பிடலையாம்" என்றார்.

"நமக்கும் அந்த மிஷின் வேணும்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. எதுக்குத் தெரியணும்?" என் நெற்றியில் கையை வைத்தார். "பொண்ணு பேரு தனலட்சுமியாம்."

ஏழாம் நாள் பத்து. எட்டாம் நாளும் பத்து. பத்துக்குக் கீழே போனால் மூச்சை ஒரு ரப்பர் பையால் கையால் அழுத்திக் கொடுத்துக்கொண்டு, வேறு ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோவது என்று முடிவு செய்திருந்தார்கள். வழியில் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. நான் மூச்சை ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தேன். இழு, விடு. சாமுவேல் லீவு போட்டுவிட்டுக் காலையிலிருந்தே வராண்டாவில் இருந்தார். என் பக்கத்தில் கொஞ்ச நேரம், அந்தத் தகப்பனின் பக்கத்தில் கொஞ்ச நேரம்.

ஒன்பதாம் நாள் காலை லேடி டாக்டர் மூக்குத்தி மின்னக் குனிந்து நின்றாள். நான் எண்ணினேன். பதின்மூன்று.

"இன்னொரு தரம்" என்றாள். பதின்மூன்று. அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நின்னுடுத்து. ஏறறது நின்னுடுத்தும்மா" என்றாள். அவள் கண்தான் கலங்கியது. நான் தண்ணீர் கேட்டேன்.

பதினொன்றாம் நாள் மத்தியானம் தனலட்சுமி இறந்துபோனாள். விஷம் முறிந்துவிட்டதாம். ஆனால் அத்தனை நாள் மிஷினில் கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டி, ஜுரம் வந்து, அது இறங்கவில்லை. வராண்டாவில் ஒரு ஆள் கதறும் குரல் கேட்டது. அஞ்சலை கட்டிலைவிட்டு இறங்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். மிஷின் காலியாகிவிட்டது, நல்லவேளை எனக்குத் தேவைப்படவில்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காகத் திடுக்கிடவேண்டும் என்று தெரிந்தது. திடுக்கிடவில்லை.

அந்தத் தகப்பன் ஊருக்குப் போகுமுன் எங்கள் வார்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. சாமுவேல் எழுந்து போனார். "வரேன் சார். உங்க வீட்டம்மாவுக்கு ஒடம்பு நல்லாவணும்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. சாமுவேல் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வெளிக்கேட் வரை கூடவே போனார்.

நோய் ஏறிய வழியிலேயே இறங்கியது. கடைசியாகப் போனது முதலில் திரும்பும் என்றார்கள். அப்படித்தான் விரல்கள் வந்தன, பிறகு தோள், பிறகு இடுப்பு. அஞ்சலை எனக்கு முன்னால் வீட்டுக்குப் போனாள். போகும்போது என் கன்னத்தை வழித்து விரல்களைச் சொடுக்கினாள். ஆறாவது வாரம் என்னை மாடிக்கு இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். மாமி வாசலில் ஆரத்தி சுற்றிவிட்டு, "ஒங்க வழக்கம் இல்லைன்னு தெரியும், என் மனசுக்கு" என்றாள்.

வீட்டில் ஏழு மணி ஜெபம் நடந்துகொண்டுதான் இருந்தது. சுகந்தி பாடுவாள், அவர் வாசிப்பார். ஜெபம் வரும் இடத்தில் மூவரும் சும்மா இருப்போம். கொஞ்ச நேரம் கழித்துச் சுகந்தி ஆமென் என்பாள். யாரும் என்னை ஜெபிக்கச் சொல்லவில்லை.

பாதங்கள் மட்டும் இன்னும் வரவில்லை. தினமும் எண்ணெய் தேய்த்து மடக்கி நீட்டவேண்டும். ஒரு சனிக்கிழமை அவர் தரையில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தார். சுகந்தி கீழே மாமி வீட்டில் இருந்தாள். நான் கேட்டேன்.

"பத்து வரைக்கும் வந்தப்ப நீங்க என்ன ஜெபம் பண்ணீங்க?"

தேய்த்த கை நின்றது.

"சொல்லுங்க."

"அந்தப் பிள்ளைக்காக."

"எனக்காக?"

"உனக்காகக் கேக்க வாய் வரல எஸ்தர். உன் பேரைச் சொன்னாலே அந்த மிஷினைக் கேட்ட மாதிரி இருந்துச்சு. அந்த மனுஷன் பக்கத்துலயே இருக்காரு. அதனால அவரு பிள்ளையையே கேட்டேன். உன்னை... உன்னை அப்படியே விட்டுட்டேன்."

சூடாக ஏதோ வயிற்றிலிருந்து ஏறியது. முதலில் அது என்னவென்றே எனக்குப் புரியவில்லை. கோபம். "என்னை விட்டுட்டீங்களா? நான் மூச்சு இல்லாமக் கிடக்கேன், நீங்க ஊரார் பிள்ளைக்குக் கேட்டீங்களா? கேட்டீங்களே, கிடைச்சுதா? அதுவும் போச்சே!" கையில் இருந்த எண்ணெய்க் கிண்ணத்தை வீசினேன். விரல்களுக்கு அந்த அளவுக்குத்தான் பலம் வந்திருந்தது. அது என் மடியிலேயே கவிழ்ந்தது. அவர் துண்டு எடுத்து வந்து துடைத்தார். "அதுவும் போச்சு" என்று அவரும் சொன்னார். அவருடைய தோள் குலுங்கியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கை நீட்டவில்லை.

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அந்தப் பெண்ணுக்காக, அவள் செத்து ஒரு மாதம் கழித்து, அந்த இரண்டு நாளும் விட்டு விட்டு அழுதேன். அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆண்டவர் மேலும் கோபம் வந்தது. ஒருவன் தன் மனைவியைக் கேட்காமல் இன்னொருவன் பிள்ளையைக் கேட்டால், அதையாவது கொடுக்கக்கூடாதா என்று. இதற்குப் பதில் எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்தவர்கள் சபையில் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் திங்கட்கிழமை. சுகந்தி பாடினாள். அவர் வாசித்தார். இருவரும் முழங்காலில் நின்றார்கள், நான் நாற்காலியில். நாங்கள் சும்மா இருக்கும் அந்த இடம் வந்தது. என் வாய் தானாகத் திறந்தது.

"ஆண்டவரே, எனக்குக் கோபமா இருக்கு" என்றேன்.

சுகந்தி கண்ணைத் திறந்துவிட்டாள். "யார் மேலம்மா?"

"அப்பா மேலயும்தான்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "நீ கண்ணை மூடிக்கோ. அம்மா சொல்லட்டும்."

நான் சொன்னேன். வெகுநேரம் சொன்னேன். சுகந்தி நடுவிலேயே அவர் மேல் சாய்ந்து தூங்கிப்போனாள்.